பாக்கியம் அக்கா திறக்காத பூட்டு

கிள்ளான் ஸ்டேஷனில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. கோலாலம்பூரிலிருந்து வந்த கூட்ஸ் வண்டியின் கார்டு, வண்டி நிற்பதற்கு முன்பே என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார். "பிரிக்பீல்ட்ஸ் பாக்கியம் அக்கா காலையில போயிட்டாங்க. காய்ச்சல்தான். நீ உடனே கிளம்புலா." அதே வண்டி திரும்பியபோது ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் அழுதேன்.

அக்காவின் ரயில்வே லைன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், வாசலில் எங்கள் லைன் கங்காணி, அந்த மண்டோர், நிற்கிறான். கையில் பெரிய மாலை. வந்தவர்களிடமெல்லாம், "என் உயிரக் காப்பாத்துன மகராசி. அவங்க இல்லன்னா இன்னைக்கு நான் இல்ல" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். விவரம் தெரியாத சிலர் உருகிப்போனார்கள். அக்காவை அறிந்தவர்களே, அவர் பெயரோடு இந்தப் பொய் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். மண்டோரை 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்கு நம் லைன்களிலிருந்து ஆள் பிடித்துக் கொடுத்தவன் அவன். "கொஞ்ச நாள் வேல, அரிசி உண்டு, துணி உண்டு, திரும்பி வந்துடலாம்" என்று இனிக்க இனிக்கப் பேசினான். அக்காவின் கணவர், பட்டறை ஃபிட்டர் மாணிக்கம் அண்ணனும், என் கூடப்பிறந்த அண்ணனும் ஒரே பெட்டியில் போனார்கள். சரக்குப் பெட்டி. எல்லாரையும் ஏற்றிய பிறகு, கதவை இழுத்து வெளியே பூட்டச் சொன்னவன் இந்த மண்டோர். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மாணிக்கம் அண்ணன் சாயங்காலங்களில் வீட்டில் பூட்டு பழுது பார்ப்பார். பக்கத்தில் இருந்து பழகிய கை, அவர் போன பிறகு அக்காவுக்குச் சோறு போட்டது. சோறு என்ன சோறு, மரவள்ளிதான். வாய் மட்டும் குறையவில்லை. சாவி மாட்டிக்கொண்டால் எண்ணெயை ஊற்றிக் கொண்டுவருபவர்களிடம், "ஏன், அப்படியே சீயக்காயும் தேய்ச்சு விடுறதுதானே?" என்பார்.

துணி கிடைக்காத அந்த நாளில், அக்கா தம் வீட்டு நீல ஜன்னல் திரையை வெட்டி மாணிக்கம் அண்ணனுக்கு ஒரு சட்டை தைத்தார். திருகாணி போட்டுக்கொள்ள ஒரு பை, பீடிக்கு ஒரு பை. சயாமுக்கு அனுப்பச் சொல்லி மண்டோரிடம் கொடுத்தார். சில வாரம் கழித்து அவன் வந்து, "சேந்துடுச்சும்மா. மாணிக்கம் போட்டுப் பாத்துட்டுச் சிரிச்சானாம்" என்றான். அன்று முழுக்க அக்கா எல்லார் வீட்டுக்கும் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தார்.

ஜப்பான்காரன் தோற்றான். வெள்ளைக்காரன் இன்னும் வந்து சேரவில்லை. ஜப்பான்காரனோடு சண்டை போட்டுவிட்டுக் காட்டிலிருந்து வந்தவர்கள் ஜப்பானுக்கு ஆள் பிடித்தவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மண்டோர் தன் வீட்டுப் பின்கட்டில், ஜன்னலில்லாத சாமான் அறைக்குள் பதுங்கிக்கொண்டான். ஆளில்லாததுபோல் தெரிய, அவன் மனைவி வெளியே பெரிய பூட்டுப் போட்டாள். தப்பிப் போக ஒரு லோரி பேசி வைத்திருந்த அன்று, பதற்றத்தில் அவள் திருகிய திருகில் சாவி உள்ளேயே ஒடிந்துவிட்டது. பூட்டை உடைத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். அதனால் பட்டப்பகலில் அக்காவிடம் ஓடி வந்தாள்.

"உள்ளேயே கிடந்து சாகட்டும்கா" என்றேன். அக்கா கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, "வா தம்பி, பாத்துட்டு வருவோம்" என்றார். இத்தனை நல்லவராக இருக்கிறாரே என்று எனக்கு எரிச்சல்.

பூட்டில் செம்பனை எண்ணெய் வழிந்தது. அக்கா துடைத்தார். பென்சில் கரியைச் சுரண்டி உள்ளே ஊதினார். பாதி திரும்பி நின்ற துவாரத்தை ஊசியால் நேராக்கினார். நேராகாமல் துண்டு வராது. பிறகு மெல்லிய ரம்ப அலகைச் சாவியின் பல்லோடு நுழைத்துக் கொக்கி போட்டார். அதற்காகக் கன்னத்தைக் கதவில் வைத்துக் குனிந்தவரின் கை நின்றுவிட்டது. பலகை இடுக்கு வழியே, உள்ளே விழுந்த வெயில் கீற்றில் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு இழுப்பு. துண்டு வந்தது.

"மண்டோரே, நீங்க போட்டிருக்கிற நீலச் சட்ட யாருது?"

உள்ளே கால்கள் பின்னுக்கு நகரும் சத்தம் கேட்டது.

"ரெண்டு பை வச்சுத் தச்சது நான். அது சயாமுக்குப் போயிடுச்சுன்னீங்களே?"

உள்ளிருந்து அழுகுரல் வந்தது. "நீ சட்ட கொண்டாந்தப்பவே மாணிக்கம் இல்லம்மா. வாந்திபேதி. எப்படிச் சொல்றதுன்னு…"

"கழட்டுங்க."

கதவுக்கடியில் சட்டை வந்தது. அக்கா அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். சாவித் துண்டை முந்தானையில் முடிந்தார். மண்டோர் மனைவி காலில் விழுந்தாள். "பூட்டு தொறக்கலியேம்மா! அந்தத் துண்டையாவது குடு, அத வச்சு வேற சாவி செஞ்சுக்கறோம்."

"ஒடஞ்சத எடுக்கச் சொன்னீங்க. எடுத்துட்டேன்."

லோரி அவனில்லாமலே போயிற்று. காட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று நான் ஓடப் பார்த்தேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம். நம்ம ஆளுங்களையும் வெளியதான் பூட்டுனான். உள்ள எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கட்டும்." தெருக்குழாயில் பொட்டை அழித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

தேடி வந்தவர்கள் பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள். கதவடியில் மனைவி தள்ளியதைத் தின்று உயிரோடு கிடந்த மண்டோரை, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பூட்டை அறுத்து வெளியே விட்டார்கள். இப்போது அவர்களுக்கும் ஆள் பிடித்துக் கொடுக்கிறான். பூட்டு திறக்காமல் போனதால் பிழைத்ததைத்தான் அக்கா காப்பாற்றியதாகச் சொல்லித் திரிகிறான். கேட்டதும் நான் அக்காவிடம் சண்டைக்கே போனேன். "உசுரோட இருக்கட்டும் தம்பி. செத்துட்டா யார்கிட்டக் கேக்குறது? நாலு பேர் முன்னால கேக்கணும் அவன" என்றார். கேட்பதற்குள் காய்ச்சல் முந்திக்கொண்டது.

அந்த நீலச் சட்டையை அக்காவின் மேல் போர்த்தித்தான் எரித்தோம். மண்டோரின் மாலையை நான் சாக்கடையில் போட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை. சாவித் துண்டை அக்கா கடைசி வாரத்தில் என்னிடம் கொடுத்துவிட்டார். எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் போகாமல் என் சட்டைப் பையில் இருக்கிறது. கருமாதிக்கு வருவதாக மண்டோர் சொல்லி அனுப்பியிருக்கிறான். வரட்டும். நீங்கள் எல்லாரும் வாருங்கள். அந்தத் துண்டை அவன் உள்ளங்கையில் வைத்து, அக்கா கேட்டதையே நான் கேட்பேன்: நீலச் சட்ட யாருது?