மிதிச்சா யோசிக்கிற வண்டி

நஞ்சுண்டன் வண்டியில ஏறோணும்னா செருப்பைக் கழட்டோணும். அவர் மட்டுமில்லீங்க, பக்கத்துல உக்கார்றவனும், ரிப்பேர் பாக்கற நானும்தான். அன்னூர்ல இருந்து பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு ஏத்தற டீசல் பிக்கப் அது. சாணி நாறற வண்டிக்கு எதுக்குங்க இத்தனை மரியாதைன்னு கேட்டா, "பின்னால மாடு நிக்கற எடமுங்க. முன்னால மகாலட்சுமிங்க"ன்னு சொல்லுவார். அந்த மனுசங்கூடப் பேசி ஜெயிச்சவன் எவனும் இல்லை.

அறுவதைத் தொட்டாச்சு. சக்கரை நோய் இருக்குது, ஊட்ல மாத்திரையும் இருக்குது, ரெண்டுக்கும் பேச்சுவார்த்தைதான் கிடையாது. டீயில நாட்டுச்சக்கரை போட்டுக் குடிச்சா ஒண்ணும் பண்ணாதுன்னு அவரே தீர்ப்புச் சொல்லிக்குவார். அதுவும் ரெண்டு கரண்டி.

பெருமைன்னா அவருக்கு ஒண்ணே ஒண்ணுதான். "எம்பட வண்டியில ஏறுன மாடு முட்டி போட்டதில்லீங்க." நெசந்தான். பஸ்ஸுக்காரன் பின்னாடி ஆரன் அடிச்சே ஓஞ்சு போவான், இவர் தொட்டில் ஆட்டற கணக்கா ஓட்டிக்கிட்டுப் போவார். அதனாலதான் சினைமாடு விக்கறவங்க எல்லாம் இவரைத் தேடி வந்தாங்க.

போன மாசம் ரங்கம்மாளோட சினைமாடு இவர் வண்டிக்குள்ளயே விழுந்துபோச்சு. ஆக்ஸிலேட்டரை மிதிச்சா வண்டி கொஞ்ச நேரம் யோசிக்குது, அப்புறம் திடுக்குனு பாயுது. அதுலதான் மாட்டுக்குக் கால் தடுமாறிடுச்சு. முட்டியில தோல் வழண்டதோட செரி, வயித்துல இருக்கற கன்னுக்குட்டிக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா ரங்கம்மாள் சும்மா இருப்பாங்களா? பால் சொசைட்டி வரைக்கும் சொல்லிப்போட்டாங்க. இன்னொரு மாடு விழுந்தா ஒருத்தரும் கூப்புட மாட்டாங்கங்கற நெலமை. மனுசன் நேரா எம்பட பட்டறைக்கு வந்துட்டார்.

"ஏனுங்க தமிழு, எப்படியாவது இதைச் செரி பண்ணிக் குடுத்துப்போடுங்க. அது விழுந்த சத்தம் இன்னும் காதுக்குள்ளயே இருக்குதுங்க."

வெறுங்காலோட ஏறி எறங்கித்தான் பாத்தேன், வேற வழி? டீசல் பில்டரை மாத்துனேன். ஏர் பில்டர்ல வைக்கோல் தூசி, அதை ஊதி எடுத்தேன். டர்போவுக்குக் காத்துப் போற ஓஸ் குழாயில விரிசல் இருக்குதான்னு கையை உட்டுத் தடவிப் பாத்தேன். ஒரு கொறையும் இல்லை. அவிநாசி ரோட்டுல நான் ஓட்டிக்கிட்டுப் போனேன், வண்டி நல்லாப் போச்சு. திரும்பி வாரப்ப அவர் ஓட்டுனார், வண்டி யோசிச்சுது.

"பாத்தீங்களா? உங்களுக்குப் பயப்படுதுங்க. எங்கிட்டத்தான் எடம் கண்டுக்கிச்சு"ங்கறார்.

அவர் மக லோகப்பிரியா தெனமும் இதே வண்டியில பால் கேன் ஏத்திக்கிட்டுப் போறவ. "நான் ஓட்டறப்ப ஒரு தொந்தரவும் இல்லீங்ணா"ன்னு அவ முந்தியே சொன்னா. "கேனு ஏத்துனா என்ன தெரியும் அம்மணி, மாடு ஏத்துனாத்தான் தெரியும்"னு அவர் அடக்கிப்போட்டார். நானும் ஆமாஞ்சாமி போட்டேன். ரெண்டு ஆம்பளைங்க சேந்தா அப்படித்தான்.

இந்த வண்டியில பெடலுக்கும் இஞ்சினுக்கும் நடுவுல கம்பி கிடையாது. எவ்வளவு மிதிக்கறோம்னு ஒரு சென்சார்தான் சொல்லும். அது போயிருக்கும்னு நெனச்சு ஸ்கேனரை மாட்டிக்கிட்டுப் பக்கத்துல உக்காந்தேன். மிதிச்சா தெரையில கோடு மேல ஏறோணும்.

"மிதிங்க."

"மிதிச்சாச்சுங்க."

கோடு படுத்தே கெடந்துது. அப்புறம் ஒரே எகிறா எகிறுச்சு. சென்சாரேதான்னு முடிவு பண்ணி, பெடலைப் பாக்கக் குனிஞ்சேன். "இன்னொருக்கா மிதிங்க."

"மிதிச்சுக்கிட்டுத்தானுங்க இருக்கறேன்."

அவர் கால் பெடல்ல படவே இல்லை. அதுக்கு மேல சும்மா அந்தரத்துல நின்னுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் தடால்னு அமுக்குச்சு. கீழ கால்மிதியில ரத்தக் கறை.

"காலைக் காட்டுங்க"ன்னேன். உள்ளங்கால்ல ஒரு லாட ஆணி. மாட்டுக் குளம்புல லாடம் அடிக்கற ஆணிங்க அது, தலை மட்டும் வெளிய தெரியுது, சுத்தியும் கறுத்துப்போச்சு. "இது எப்பங்க ஏறுச்சு?"

குனிஞ்சு, ஆரு காலையோ பாக்கற மாதிரி பாத்தார். "தெரியலீங்களே."

வந்த கோவத்துல கத்திப்போட்டேன். நாட்டுச்சக்கரையையும் அவரையும் சேத்து வெச்சு வாய்க்கு வந்தபடி வஞ்சேன். எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு, "அப்ப வண்டியில கொறை ஒண்ணும் இல்லீங்களா?"ன்னு கேட்டார். மொகத்துல அப்படி ஒரு நிம்மதி. அட கடவுளே!

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில காலைக் காப்பாத்திப்போட்டாங்க. சக்கரையில உள்ளங்கால் மரத்துப்போச்சு, இனி உணர்ச்சி வராது, வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஊட்டுக்குள்ளகூட செருப்பில்லாம நடக்கக் கூடாதாம். ஓட்டக் கூடாதுங்கறதுக்கு இவர் டாக்டர்கிட்ட நல்லாவே மல்லுக்கட்டுனார். செருப்புங்கற பேச்சு வந்ததும் அடங்கிட்டார். செருப்பைப் போட்டுக்கிட்டு அந்த சீட்டுல ஏறவும் மாட்டார், செருப்பில்லாம நடக்கவும் முடியாது. சாவியை அவரேதான் மககிட்டக் குடுத்தார்.

அடுத்த சந்தைக்கு ரங்கம்மாள் அன்னிக்கு விலை போகாமத் திரும்புன அதே சினைமாட்டையே ஏத்தி உட்டாங்க. லோகப்பிரியா ஓட்டறாங்கறதுக்காகத்தான் சம்மதிச்சாங்க, அதை அவர் மொகத்துக்கு நேராவே சொன்னாங்க. மக செருப்பைக் கழட்டிப்போட்டு முன்னால ஏறுனா. இவர் ஆஸ்பத்திரியில குடுத்த தடிச்ச செருப்போட பின்னால மாட்டுகிட்ட ஏறுனார். "மாடு நிக்கற எடந்தானுங்களே, இங்க செருப்பு ஆகும்"னு என்னைப் பாத்துச் சொன்னார்.

வண்டி கெளம்புச்சு. அவ நல்லாத்தான் எடுத்தா, மாடு அசையக்கூட இல்லை. இவருக்குத்தான் கால் நிக்கலை. தள்ளாடிப் போய் மாட்டுக் கழுத்தை ரெண்டு கையிலயும் கட்டிப் புடிச்சுக்கிட்டார். கண்ணாடியில பாத்துட்டு அவ பிரேக்கை மிதிச்சா.

இவர் ஒரு கையை எடுத்து கேபினைத் தட்டுனார். "போ அம்மணி, போ. மாடு நல்லா நிக்குது."