விடுபட்ட விதி

தாராபுரம் பக்கம் தோட்டக் கூலிக்குப் போகும் குடும்பத்திலிருந்து படித்து இன்ஜினியரானவள் கிருபா. தொண்ணூற்றொன்பதில் அவளுக்குக் கோவை துடியலூரில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. மில்களின் கம்ப்யூட்டர்களுக்குக் காவலாக நிற்கும் ஒரு பெட்டியை அங்கே தயாரித்தார்கள். வெளியிலிருந்து தகவல் துண்டு துண்டாக வரும். அந்தத் துண்டுக்குப் பாக்கெட் என்று பெயர். அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்த்து, எழுதிவைத்த விதிகளின்படி பெட்டி அதை உள்ளே விடும், அல்லது மறிக்கும். இரண்டு விதிகள் பொருந்தினால் மேலே இருப்பதுதான் செல்லும்.

விதிகள் ஆயிரக்கணக்கில் பெருகியதும் பெட்டி திணறியது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் விதிகளை மேலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தால் எப்படி ஆகும்? கிருபா, அனுப்புகிறவரின் முகவரியை வைத்து விதிகளை மரம்போலக் கிளை பிரித்தாள். பாக்கெட் தன் கிளையில் இறங்கி, அங்குள்ள சில விதிகளை மட்டும் பார்த்தால் போதும். வேகம் கூடியது. ஆனால் 'யார் அனுப்பினாலும் இந்தக் கம்ப்யூட்டருக்குள் விடாதே' என்பது போன்ற பொது விதிகளுக்கு எல்லாக் கிளைகளிலும் நகல் வேண்டும். மெமரி போதவில்லை.

பாக்கெட் அதிகம் வராத கிளைகளில் நகல் எதற்கு என்று கேட்டார் முதலாளி வேங்கடசாமி. அப்படி நீக்கினால் சில பாக்கெட்டுகள் தவறான விதியில் போய் விழும் என்றாள் கிருபா.

"லட்சத்துல ஒண்ணு அம்மணி. அதை ஆரு பாக்கறா? எடுத்துப்போடு."

அவள் கை வைக்கவில்லை. அவரே ஆள் வைத்து எடுத்துவிட்டார். வேலை போய்விடும் என்று பயந்து அவளும் அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

பெட்டிகளை மில்களுக்குக் கொண்டுபோய்ப் பொருத்தியவன் உக்கடத்து ரசாக். மதியச் சோற்றை அவளோடு பகிர்ந்து உண்பவன். அவன் பொருத்திய ஒரு மில்லில் ஏற்றுமதி விலைகள் போட்டிக்காரனிடம் போய்ச் சேர்ந்தன. பெட்டியைப் பொருத்தியது யார் என்று போலீஸ் கேட்டது. ஊரில் குண்டுகள் வெடித்து இரண்டு வருடம் ஆகியிருக்கவில்லை. ரசாக் என்ற பெயரைக் கேட்டதோடு விசாரணை நின்றது. அன்றைக்கே அவனைக் கூட்டிப்போனார்கள்.

கிருபா அந்த மில்லின் விதிகளை ஆபீசில் இன்னொரு பெட்டியில் ஏற்றி, ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பாக்கெட் அனுப்பிப் பார்த்தாள். யாரும் எட்டிப்பார்க்காத ஒரு கிளையில் மறிக்கும் விதி இல்லை. பாக்கெட் தடையில்லாமல் உள்ளே போனது. வேங்கடசாமியிடம் காட்டினாள். வெளியே தெரிந்தால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான், ரசாக்குக்கு வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்றார் அவர். அவள் பெட்டியை ஆட்டோவில் தூக்கி வைத்துக்கொண்டு மில்லுக்கே போய், மேனேஜரின் கண்முன் பாக்கெட்டை அனுப்பிக் காட்டினாள். மில் புகாரைத் திரும்பப் பெற்றது. அன்று சாயங்காலமே அவளுக்கு வேலை போயிற்று.

ரசாக் வெளியே வந்தபோது இடது காது கேட்கவில்லை. உக்கடத்தில் அவன் வீட்டுக்குப் போனாள். நாற்காலியை அவனே இழுத்துப் போட்டான். அவள் உட்கார்ந்ததும் கேட்டான்.

"நகலைத் தூக்கிப்போட்டது உங்களுக்கு முன்னயே தெரியுங்களா?"

"தெரியுங்க."

அவன் வலது காதை அவள் பக்கம் திருப்பினான். "கேக்கலீங்க. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

அவள் மறுபடியும் சொன்னாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவன் தலையாட்டினான், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அடுத்த மாதம் அவன் பாலக்காட்டில் மாமனின் மரக்கடைக்குப் போய்விட்டான். கிருபாவைக் கோவையில் எந்தக் கம்பெனியும் எடுக்கவில்லை. சொந்தக் கம்பெனியைக் காட்டிக்கொடுத்தவள் என்ற பேச்சு அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. வேங்கடசாமி மெமரியைக் கூட்டி, கிருபா கிளை பிரித்த அதே விதி மரத்தை வைத்துப் புதுப் பெட்டி விற்றார்.