ஆர்டிஸ் எய்த மான்

ஆர்டிஸ் க்வாமிக்கு இடது காது கேட்காது. சிறு வயதில் அவளுடைய அப்பாவின் துப்பாக்கி அந்தக் காதுக்குப் பக்கத்தில் வெடித்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் துப்பாக்கியைத் தொட்டதில்லை, வில்தான். எங்கள் ஹௌகன் பள்ளத்தாக்கில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் வெஸ், ஊர்க்கோடியில் இறைச்சிக்கடை வைத்திருப்பவன். இலையுதிர்காலத்தில் இங்கே விழும் மான்களில் பாதிக்கு மேல் என் கொக்கியில்தான் தொங்கும்.

அவளுடைய வேட்டைக் கூட்டாளி லைல் ப்ரெக்கி. பால் மாடுகளை விற்றுவிட்டாலும் நிலத்தை விடாமல் வைத்திருந்தான். ஓடைக்கரை ஓக் மரத்தில் அவளுக்குப் பரண் கட்டிக் கொடுத்தவன் அவன்தான். மான்கள் பெரும்பாலும் அவளுடைய வலது பக்கமாக வரும்படி பார்த்துப் பார்த்து மரத்தைத் தேர்ந்தெடுத்தான். ஒருமுறை ஏணி சறுக்கி அவள் கணுக்கால் முறிந்தபோது, சாலை வரை முதுகில் தூக்கிக்கொண்டு வந்ததும் அவன்தான். அவன் மனைவி மார்லிஸுக்கு இதில் பொறாமை கிடையாது. நவம்பர் முழுக்க இவன் மரத்தில் உட்கார்ந்திருந்தால் வீடு சுத்தமாக இருக்கிறது என்று சிரிப்பாள்.

மூன்று இலையுதிர்காலமாக இருவரும் ஒரே மானைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய வெள்ளைவால் மான், ஒரு கொம்பு மட்டும் கண்ணுக்கு மேல் சாய்ந்திருக்கும். சாஞ்சகொம்பன் என்று பெயர் வைத்தார்கள். யார் அடித்தாலும் கொம்பு ஆறு மாதம் உன் வீட்டில், ஆறு மாதம் என் வீட்டில் என்று பேச்சு.

போன நவம்பரில், துப்பாக்கி வேட்டைக்கான சீசன் தொடங்குவதற்கு முந்தின வாரம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சாஞ்சகொம்பன் ஒரு பெட்டை மானைத் துரத்திக்கொண்டு அவளுடைய பரணுக்கு நேர் கீழே வந்து நின்றது. ஆர்டிஸ் வில்லை இழுத்து அம்பை விட்டாள். அம்பு அவள் நினைத்த இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் பட்டது. மான் வாலைத் தாழ்த்திக்கொண்டு ஓடைப் பக்கம் போனது. ஈரலில் பட்ட மானை உடனே துரத்தக்கூடாது. துரத்தினால் எழுந்து எழுந்து ஓடி எங்காவது சதுப்பில் போய் விழும். விட்டுவிட்டால் பக்கத்திலேயே படுத்து உயிரை விடும். அவள் மரத்திலிருந்து இறங்கி லைலுக்குப் போன் செய்தாள். உள்ளே கால் வைக்காதே, வீட்டுக்குப் போய்ப் படு, காலையில் இருவரும் சேர்ந்து போவோம் என்றான். அவளுக்கும் அதுதான் சரி என்று பட்டது.

காலையில் லைல் பிளாஸ்கில் காபியோடு வந்தான். ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஓடையோர வேலி வரை இலைகளில் கரும்புள்ளியாக இருந்தது, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. தண்ணீரில் இறங்கிக் கீழ்ப்பக்கம் போயிருக்கும் என்று லைல் சொன்னான். மதியம் வரை இருவரும் ஓடையின் கீழ்க்கரையில் மண்டியிட்டு இலை இலையாகப் புரட்டினார்கள். கடைசியில் ஆர்டிஸ் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். ஒரு மிருகத்தைக் காயப்படுத்தி, எங்கோ துடிக்க விட்டுவிட்டோமே என்ற எண்ணம் வேட்டைக்காரர்களைத் தூங்க விடாது. லைல் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான். அன்று சாயங்காலம் மார்லிஸ் ஆப்பிள் பை சுட்டுச் சூடாகக் கொண்டுவந்து, இது எல்லோருக்கும் நடப்பதுதான் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

புதன்கிழமை லைல் சாஞ்சகொம்பனை என் கடைக்குக் கொண்டுவந்தான். அன்று காலையில்தான் அடித்தேன் என்றான். பின்னால் இருந்த பழைய காயத்தைக் காட்டி, ஆர்டிஸின் அம்பு லேசாக உரசியிருக்கிறது, அவ்வளவுதான் என்றான். அவளுக்கும் போன் செய்து சொல்லியிருந்தான். அவள் அவனுக்கு வாழ்த்துச் சொன்னாளாம். பாவம் அந்த மான் துடிக்கவில்லையே என்று நிம்மதியும் பட்டாளாம்.

தோலை உரித்தபோது என் கை நின்றுவிட்டது. பின்பக்கக் காயம் உரசல் இல்லை. மேலிருந்து சரிந்து இறங்கி, விலாவைத் துளைத்து, ஈரல் இருக்கும் இடத்தைத் தாண்டியிருந்தது. சுற்றிலும் சதை கறுத்து ரத்தம் உறைந்திருந்தது. அப்படி ஒரு காயத்தோடு எந்த மானும் புதன்கிழமை வரை நடமாடாது. லைலின் அம்பு போன நெஞ்சுப் பக்கம் சதை வெளுத்துச் சுத்தமாக இருந்தது. செத்த உடம்பில் எய்த அம்பு அது.

ஆர்டிஸைக் கூப்பிட்டேன். பேருந்தை நிறுத்திவிட்டு நேராக வந்தாள். இரண்டு காயத்திலும் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு, "நீயும் வா வெஸ். எனக்கு ஒரு காதுதான். அவன் சொல்றதச் சரியாக் கேக்க இன்னொரு ஆளு வேணும்" என்றாள்.

லைல் வீட்டில் மார்லிஸ் எங்களை உட்காரச் சொல்லிக் காபி ஊற்றினாள்.

"லைல், அது எப்ப செத்துச்சு?" என்று ஆர்டிஸ் கேட்டாள்.

"இன்னிக்குக் காலையில. அதான் சொன்னேனே."

"வெஸ் தோலை உரிச்சுட்டான்."

லைல் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தான். மார்லிஸ் எங்களுக்கு முதுகு காட்டி நின்று குழாயைத் திறந்துவிட்டாள்.

"நீ போன் பண்ணினப்ப நான் ஓடைக்குப் பக்கத்துலதான் இருந்தேன்" என்றான் லைல். "சும்மா எட்டிப் பாக்கலாம்னு போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்து கெடந்துச்சு. உன்னக் கூப்பிடணும்னுதான் போனை எடுத்தேன்."

"எடுத்து?"

"தோள் போச்சு ஆர்டிஸ். கோடையிலேருந்தே வில்லை முழுசா இழுக்க முடியல. யார்கிட்டயும் சொல்லல. இனி என் ஆயுசுல வில்லுல எனக்கு ஒரு மான் கிடையாது."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்டா."

"கேட்டு வாங்கினா அது நான் அடிச்சதாகுமா?"

ஆர்டிஸ் தாழ்ந்த குரலில், "கொம்பு கெடக்கட்டும். ஞாயித்துக்கெழம காலை முழுக்க என்கூட மண்டி போட்டு ரத்தம் தேடினியே. நான் அழுதப்ப தோளத் தட்டினியே. அப்ப அது எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"கொட்டகையில, குளிர்ல தொங்குச்சு" என்றான் அவன்.

"உனக்கும் தெரியும், இல்ல மார்லிஸ்? நீ கொண்டாந்த ஆப்பிள் பையை அழுதுக்கிட்டே தின்னேன் நான்."

மார்லிஸ் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாள்.

வெளியே வந்ததும் என் வண்டியில் உட்கார்ந்து வனக்காவலருக்குப் போன் போட்டாள். இத்தனை வருஷச் சிநேகிதம், ஒரு ராத்திரி பொறுத்துப் பாரேன் என்றேன். பொறுத்திருந்ததால்தான் இந்த நிலைமை என்றாள்.

வனக்காவலர் வந்து தலையையும் தோலையும் எடுத்துக்கொண்டு போனார். இறைச்சி, ஏழைகளுக்கு உணவு கொடுக்கும் இடத்துக்குப் போனது. இன்னொருத்தர் அடித்த மானைத் தன் பெயரில் பதிவு செய்ததற்காக லைலின் வேட்டை உரிமத்தை மூன்று வருஷத்துக்கு நிறுத்தினார்கள். வில்லை இழுக்க முடியாதவனுக்கு அது ஒரு தண்டனையா என்று நான் நினைத்தேன். ஆனால் ஊரில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. ஒரு கொம்புக்காகக் கூட்டாளியைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்றார்கள். மதுக்கடையில் அவள் நுழைந்தால் பேச்சு அடங்கும். டிசம்பரில் சர்ச்சில் நடந்த மீன் விருந்துக்கு வந்தபோது, அவள் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவளோடு வருஷக்கணக்காக ஒரே மேசையில் சாப்பிட்ட பெண்கள் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. லைலும் மார்லிஸும் அதே மேசையில்தான் இருந்தார்கள். நான் எழுந்து அவளைக் கூப்பிட்டேன். அவள் தட்டைச் சமையலறையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

இந்த வருஷம் என் மாமன் மகனுடைய காட்டில் அவளே பரண் கட்டிக்கொண்டாள். போன வாரம் கடைக்கு வந்தவள், ஒரு நல்ல இளம் மான் பரணுக்குக் கீழே வந்து வெகு நேரம் நின்றதாகச் சொன்னாள். வில்லை இழுத்தாளாம். பிறகு மெதுவாகத் தளர்த்திவிட்டாளாம்.

ஏன் என்று கேட்டேன்.

"விழுந்தா யாரைக் கூப்பிடறதுன்னு யோசனை வந்துச்சு."

"என்னைக் கூப்பிடேன் ஆர்டிஸ்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அவனும் இப்படித்தான் சொன்னான் வெஸ்" என்றாள். முகத்தில் கோபம் இல்லை. பேருந்து எடுக்க நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.