வரைபடத்தில் வெறும் பச்சை

அந்த வருஷம் லாலான் புல்லே இல்லை. தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கல்லறைக்குப் போய்ப் படைத்துவிட்டு வருவது எங்கள் வழக்கம். பழைய தோட்டத்து வாசலில் காரை நிறுத்திவிட்டு, செம்பனை மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் போக வேண்டும். என் வீட்டுக்காரர் பாராங் கத்தியோடு முன்னால் போவார். இடுப்பு உயரம் வளர்ந்து நிற்கும் லாலானை வெட்டித் தள்ளினால்தான் ஓர் எட்டு எடுத்து வைக்க முடியும். நான் பால், பழம், பிஸ்கட், கற்பூரம் எல்லாவற்றையும் பையில் தூக்கிக்கொண்டு, "பாத்து, பாம்பு கெடக்கப் போவுது" என்று கத்திக்கொண்டே பின்னால் வருவேன். அந்த வருஷம் கத்திக்கு வேலையே இல்லை. பாதை சுத்தமாக, மண் தெரியக் கிடந்தது.

எனக்கு ஒரே சந்தோஷம். வாசலில் இருக்கும் முனியாண்டி சாமி செய்த வேலை என்றார் அவர். "ஆமா, முனியாண்டி வேற வேல இல்லாம புல்லு வெட்டிக்கிட்டு இருக்காரு" என்று கிண்டல் செய்தேன். கம்பெனிதான் ஆள் வைத்து வெட்டியிருக்கும் என்பது என் முடிவு. நம் சனம் தலைமுறை தலைமுறையாக ரப்பர் எடுக்கப் பால்மரம் வெட்டிய தோட்டம், செத்தவர்களுக்காவது ஒரு மரியாதை வைத்திருக்கிறார்களே என்று மனம் குளிர்ந்து போனது. திரும்பி வரும்போது காவலாளிக்கு ஒரு பொட்டலம் முறுக்கு கொடுத்தேன். அவர் நேப்பாள நாட்டுக்காரர். எதற்கு என்று புரியாமலேயே சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

நாங்கள் இருந்த லயத்து வீடுகள் இப்போது இல்லை. பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது வீடுகளையும் இடித்துவிட்டார்கள். நாங்கள் சிரம்பானில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். எனக்கு நீலாயில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. அவருக்கு லோரி ஓட்டும் வேலை. தோட்டத்தில் எங்களுடையது என்று மிச்சம் இருந்தது ஆற்றோரத்தில் முழ நீள மண் மேடு ஒன்று. அதில் எங்கள் மகள் இருக்கிறாள்.

இடுகாட்டின் மேல்பக்கம் பெரியவர்களுக்கு. அங்கே சிமெண்டு கட்டி, பேர் எழுதி, சில பேருக்குப் படம்கூடப் பதித்திருக்கும். கீழே சரிவில் பிள்ளைகளுக்கு. அங்கே கல்லும் கிடையாது, எழுத்தும் கிடையாது. மண்ணைக் குவித்துத் தலைமாட்டில் ஒரு குரோட்டன் செடி நட்டுவிடுவார்கள். எங்கள் மகள் பேர் வைக்கும் நாள் வருவதற்குள் போய்விட்டாள். அவளைக் குளிப்பாட்டிய அம்மாள் என் மாமியாரிடம் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "கல்லு வைக்காதீங்க. பேரு சொல்லி அழுவாதீங்க. கட்டிப் போட்டா அது இங்கயே கெடக்கும். வுட்டாத்தான் அதே வயித்துக்குத் திரும்பி வரும்."

தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். நாங்களும் செய்தோம். வருவாள், வருவாள் என்று காத்திருந்தேன். அவளும் வரவில்லை, வேறு யாரும் வரவில்லை. நானும் அவரும் வீட்டில் அவளைப் பற்றிப் பேசியதே கிடையாது. தீபாவளி நெருங்கும்போது, "அங்க போவணும்" என்பார். "ம்" என்பேன். எங்கள் பேச்சு அதோடு சரி.

அடுத்த வருஷம் போனபோது பாதையில் சக்கரத் தடம் இருந்தது. புல்லை யாரும் வெட்டவில்லை, ஏறி ஏறி மிதித்தே சாகடித்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. முறுக்கு வாங்கிய மனுஷன் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாரோ!

தொழிற்சாலையில் எங்கள் பிரிவு மேற்பார்வையாளர் ஒரு சின்னப் பெண். வாரம் முழுதும் எங்களை விரட்டுவாள். ஞாயிறானால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு காடு மேடு என்று போய்விடுவாள். ஒருநாள் கேண்டீனில், "அக்கா, ஒங்க பழைய தோட்டம் அந்தப் பக்கம்தானே?" என்று கைப்பேசியை நீட்டினாள். ஒரு செயலி. அதில் வரைபடம், வரைபடத்தில் சிவப்புக் கோடு. முனியாண்டி கோயில் வளைவு, ஓடை, சரிவு எல்லாவற்றையும் கோட்டின் நெளிவிலேயே அடையாளம் கண்டுகொண்டேன். எங்கள் பாதைதான்.

யாரோ ஒருவர் ஒரே ஒரு தடவை சைக்கிளில் போனால் போதுமாம். அவர் போன வழியைக் கைப்பேசியே கோடாகப் போட்டுக்கொள்ளும். அதை அவர் ஊருக்குத் திறந்துவிட்டால் அடுத்த ஞாயிறு கோலாலம்பூரிலிருந்து நாலு பேர் வருவார்கள். ஆள் போகப் போகக் கோடு தடிக்கும். யார் வேகமாகப் போனார் என்று வரிசை வேறு போடும். வரிசையில் ஏறுவதற்காகவே சிலர் திரும்பத் திரும்ப வருவார்களாம். கீழே நட்சத்திரங்களும் கருத்துகளும் இருந்தன. ஒன்றை அவளே படித்துச் சொன்னாள். கடைசியில் சின்னச் சின்ன மேடுகள் வருகின்றனவாம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நல்லதாம்.

கோட்டுக்கு இரண்டு பக்கமும் வெறும் பச்சை. அந்தப் படத்தில் கோயிலும் இல்லை, இடுகாடும் இல்லை. அந்த மேடுகள் என்னவென்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். காட்டில் குப்பை போடமாட்டார்களாம். மரத்தில் ஆணி அடிக்கமாட்டார்களாம். எதிரே நடந்து வருகிறவர்களுக்கு வழி விடுவார்களாம். பொய் சொல்லவில்லை அவள். அந்தப் பாதையில் ஒரு பிளாஸ்டிக் போத்தலைக்கூட நான் பார்த்ததில்லை. படைத்த பையை அங்கேயே போட்டுவிட்டு வருவது எங்கள் சனம்தான்.

சைக்கிளுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் வந்தது. மோட்டாருக்குப் பின்னால் பெரிய சக்கரம் வைத்த ஜீப்புகள் வந்தன. மழையில் பாதை ஆள் இறங்கும் ஆழத்துக்கு அறுத்துக்கொண்டது. கம்பெனி பொறுத்துப் பார்த்துவிட்டு, வாசலுக்கு உள்ளே மண் வாரும் இயந்திரத்தால் குறுக்கே பள்ளம் தோண்டியது. ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பலகை போதும், தாண்டிவிடுவார்கள். ஜீப்காரர்கள் பக்கத்திலேயே மரங்களுக்கு நடுவே புது வழி போட்டுக்கொண்டார்கள். தடுத்தது எங்களைத்தான். அடுத்து வந்த தீபாவளிக்கு முன்னால், எங்கள் பழைய லயத்துக்காரர் ஒருவர், மனைவிக்குப் படைக்க வந்தவர், கைத்தடியோடு பள்ளத்தின் விளிம்பில் நின்று பார்த்துவிட்டு, வாழை இலையை அங்கேயே விரித்துக் கற்பூரத்தைக் கொளுத்திவிட்டுத் திரும்பிப் போனார். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

நாங்கள் உட்கார்ந்து வழுக்கி இறங்கி ஏறினோம். சரிவுக்குப் போனதும் அவர் நின்றுவிட்டார். பின்னால் வந்த நான் அவர் முதுகில் முட்டிக்கொண்டேன்.

பிள்ளைகள் பக்கத்தில் ஒரு திண்டு எழும்பியிருந்தது. சைக்கிள் பறப்பதற்காகக் கட்டியது. தட்டித் தட்டி, ஓரம் சீவி, பார்க்கிறவர் மெச்சுகிற மாதிரி கட்டியிருந்தார்கள். மண்ணுக்கு எங்கே போவார்கள்? பக்கத்தில் குவிந்து கிடந்ததை அள்ளியிருக்கிறார்கள். எங்கள் மகளுடைய மேட்டில் பாதிதான் மிச்சம். குரோட்டன் சாய்ந்து, வேர் வெளியே தெரிந்தது. அவர் மண்டியிட்டு இரண்டு கையாலும் செடியை நிமிர்த்திப் பிடித்தார். விட்டால் சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தினார்.

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து மூன்று பேர் சைக்கிளில் வந்தார்கள். முட்டிக்குக் கவசம், முழங்கைக்குக் கவசம், தலைக்குக் கவசம். யுத்தத்துக்குப் புறப்பட்டவர்கள் மாதிரி இருந்தார்கள், விழப்போவது என்னவோ என் பிள்ளை மண்ணில்தான். ஒருவர் நம் ஆள். நாற்பது வயது இருக்கும். மரியாதையாகத்தான் பேசினார்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இங்கதான் எறங்குவோம்."

"எது மேல எறங்குறீங்கன்னு தெரியுமா?" என்று கத்தினேன். "என் புள்ள மேல எறங்குறீங்க!"

அவர் உடனே கைப்பேசியைப் பார்த்தார். அதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. கண்முன்னால் நான் நிற்கிறேன், கீழே ஒரு மனுஷன் மண்ணில் மண்டியிட்டிருக்கிறார், இவர் கைப்பேசியைப் பார்க்கிறார்.

"மேப்புல ஒன்னும் காட்டலியே அக்கா..."

"மேப்புல இல்லன்னா செத்தவங்க இல்லன்னு ஆயிருமா? கண்ணு எதுக்கு இருக்கு?"

அவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். அப்போதுதான் சுற்றிலும் பார்த்தார். குரோட்டன் செடிகள் வரிசையாக நின்றன. அவர் கால் வைத்திருந்ததும் ஒரு மேடுதான். காலை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினார். "இத நாங்க கட்டல அக்கா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா நாங்களும் இதுல ஓட்டியிருக்கோம்" என்றார். அவர் முகம் அழுகிற மாதிரி இருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு ஆள் கூட்டி வந்து சரி செய்து தருகிறோம் என்று சொல்லிப் போனவர், சொன்னபடி வந்தார். மண்வெட்டி, வாளியோடு ஒரு கூட்டமாக வந்தார்கள். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் இருந்தார்கள். காலணியைக் கழற்றிவிட்டு வேலை செய்தார்கள். திண்டை இடித்து மண்ணைத் திரும்பப் போட்டார்கள். ஆனால் எந்த மண் எந்த மேட்டில் எடுத்தது என்று யாருக்குத் தெரியும்? எல்லா மேட்டுக்கும் பங்கு வைத்துப் போட்டார்கள். என் மகள் மேட்டில் வேறு யார் பிள்ளையோ இருக்கும். வேறு எங்கோ அவள் இருப்பாள்.

வேலை முடிந்ததும் அந்த நம் ஆள் என்னிடம் வந்தார். "நான் போட்ட கோட்ட அழிச்சிட்டேன் அக்கா. மத்தவங்க போட்டத என்னால அழிக்க முடியாது. வேற ஆப்புலயும் எடுத்து வச்சிருப்பானுங்க. இங்க இன்னது இருக்குன்னு மேப்புல போட்டாத்தான் தள்ளிப் போவாங்க."

"போடுங்க. சுடுகாடுன்னு போடுங்க."

"வெறும் சுடுகாடுன்னு போட்டா பேய் பாக்குறேன்னு ஒரு கூட்டம் வரும் அக்கா. வீடியோ எடுக்க வருவானுங்க. ஒரு பேரு இருந்தா, யாரோ வீட்டுப் புள்ளன்னு தெரியும், மரியாதையா ஒதுங்கிப் போவாங்க." கொஞ்சம் தயங்கினார். "பாப்பா பேரு என்னா அக்கா?"

பேர் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

கீழே உட்கார்ந்து மண்ணைத் தட்டிச் சமன் செய்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் ஒரு பேரைச் சொன்னார். தலையை நிமிர்த்தவில்லை. தினமும் கூப்பிடுகிற பேரைச் சொல்வது போல யோசிக்காமல் சொன்னார். சைக்கிள்காரர் அதைக் கைப்பேசியில் தட்டி எழுதிவிட்டு எங்களிடம் காட்டினார். பச்சைக்கு நடுவே ஒரு புள்ளி, புள்ளிக்குப் பக்கத்தில் அந்தப் பேர். அந்தப் பேரை அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை. அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

காரில் சிரம்பான் வரும் வரை எனக்கு நெஞ்சு எரிந்தது. கட்டிய மனைவிக்குச் சொல்லாத பேரை, மண் அள்ள வந்தவரிடம் சொல்கிறாரே என்று கோபம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான் கேட்டேன்.

"எப்ப வச்சீங்க?"

"ஆஸ்பத்திரியில. நீ தூங்கிக்கிட்டு இருந்த." ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே முன்னால் பார்த்துக்கொண்டு சொன்னார். "மூச்சு கொறஞ்சிக்கிட்டே போச்சி. பேரு இல்லாமப் போவக் கூடாதுன்னு காதுல சொன்னேன். அப்புறம் எங்கம்மா, பேரே வேணாம்னு சொல்லிருச்சி. நான் பேரு வச்சதுனாலதான் திரும்பி வரலன்னு நீ நெனச்சிருவியோன்னு பயம்."

அவர் அழுதார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டேனே தவிர, சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

நானும் ஒரு பேர் வைத்திருந்தேன். அவள் வயிற்றில் இருந்தபோதே வைத்தது. யாருக்கும் தெரியாமல், வாய் திறக்காமல், ஒவ்வொரு தீபாவளிக்கும் பால் ஊற்றும்போது அந்தப் பேரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அது வேறு பேர்.

இப்போது என் கைப்பேசியிலும் அந்தச் செயலி இருக்கிறது. சிவப்புக் கோடு கொஞ்சம் விலகி வளைந்து போகிறது. எல்லாரும் விலகுவதில்லை, போன மாதம்கூட ஒருவன் நேராகப் போயிருக்கிறான். அந்தப் புள்ளியை யார் தட்டினாலும் அவர் வைத்த பேர் வரும். முன்பின் தெரியாத ஆள்கள் அதன் கீழே பூப்படம் போட்டுவிட்டுப் போகிறார்கள். அவர் அதை அடிக்கடி என்னிடம் வாங்கிப் பார்க்கிறார். அவரிடம் போய் நான் வைத்த பேரை எப்படிச் சொல்வேன்? இந்த வருஷம் மேட்டுக்குப் பால் ஊற்றினேன், கற்பூரம் கொளுத்தினேன். எந்தப் பேரைச் சொல்லியும் கூப்பிடாமல் திரும்பி வந்தேன்.