அலைக்குச் சங்கு ஊதிய நாள்

குளோரின் கலந்த தண்ணீரின் வாடை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் உடனே காதில் கேட்பது ஒரு சத்தம்: அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மெல்ல உயர்ந்து, உச்சியில் நின்று நடுங்கி, பிறகு மனமில்லாமல் இறங்குகிற சைரன் சத்தம். வத்தேகமவுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் அதைச் "சங்கு" என்போம். தேயிலை ஃபெக்டரிக் கூரையிலிருந்து அது காலையில் ஊதினால் பெண்கள் "மலைக்கு", அதாவது கொழுந்து பறிக்கும் சரிவுக்கு, ஏறுவார்கள். பின்னேரம் ஊதினால் கூடையோடு இறங்குவார்கள். இடையில் ஒருத்தி உட்கார்ந்துவிட்டால், நிற்கிற தலைகளுக்கு நடுவே ஒரு தலை காணாமற்போனது மேல் ரோட்டில் நிற்கும் கங்காணிக்கு உடனே தெரிந்துவிடும். பெயரைச் சொல்லிக் கத்துவார். அந்தக் கத்தல் மலை முழுக்கக் கேட்கும்.

நான் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் தேறிய வருஷம், தேறிய பிள்ளைகளையும் அவர்களுடைய அம்மாமாரையும் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் சுற்றுலா கூட்டிப்போனார்கள். தெல்தெனியாப் பக்கம், நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு கேளிக்கைப் பூங்கா அது. எங்கள் வீட்டில் ஒரு பரீட்சையில் தேறிய முதல் ஆள் நான் என்பதில் அம்மாவுக்குப் பெருமை இருந்தது. ஆனால் அன்றைக்கு அம்மாவின் கண் முழுவதும் அங்கே இருந்த ராட்சத ராட்டினத்தின் மேல்தான்.

"மலையேறி எறங்கியே முழங்கால் தேஞ்சிருச்சு. ஒக்காந்துக்கிட்டே ஒசரத்துக்குப் போனா எப்பிடி இருக்கும்னு ஒரு தடவ பாக்கணும்டா" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாசலில் எல்லோருடைய மணிக்கட்டிலும் ஒரு காகிதப் பட்டியைச் சுற்றி ஒட்டினார்கள். எங்களைக் கூட்டிவந்த டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். "வெயிலுக்க ஓடித் திரியாதேங்கோ பிள்ளையள், களைச்சுப் போவியள்" என்று எங்களுக்கும், "முடியிற நேரம் நீங்கள் நேரா பஸ்ஸடிக்கு வாங்கோ, பிள்ளையளை நான் கூட்டிக்கொண்டு வாறன்" என்று அம்மாமாருக்கும் சொன்னார். ராட்டினம் வெயில் தாழ்ந்த பிறகுதான் சுற்றுமாம்.

அதுவரைக்கும் தாக்குப்பிடிக்க வேண்டும். அம்மா அந்த நாளை ஒரு வேலை நாள் மாதிரியே நடத்தினார். காலையிலேயே ஓடினால் மத்தியானம் கால் வராது என்று என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவைத்தார். போத்தலில் கொண்டுவந்த "பிளேன்டி"யை, அந்தப் பாலில்லாத தேநீரை, ஒரே மூச்சில் குடிக்க விடாமல் மடக்கு மடக்காகக் கொடுத்தார். ரொட்டியைப் பாதி இப்போது, பாதி பிறகு என்று பிய்த்தார். தலையில் சேலைத் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டார். எல்லாம் செய்தார், ஒன்றைத் தவிர. உட்காரவில்லை. நிழலில் ஆட்கள் உட்காரப் போட்ட சீமெந்து வாங்குகள் வரிசையாகக் காலியாகக் கிடக்க, எங்கள் அம்மாமார் அத்தனை பேரும் அவற்றுக்குப் பின்னால் இருந்த சுவரை ஒட்டி, பைகளைத் தோளில் மாட்டியபடி நின்றார்கள்.

"அடியே, இங்க கங்காணி இல்லடி, ஒக்காரு" என்றார் பக்கத்து லயத்து வரிசை வீட்டுச் செல்லம்மா பெரியம்மா.

"நீங்க மொதல்ல ஒக்காருங்க பாப்போம்" என்றார் அம்மா.

"நான் ஒக்காந்தா எந்திரிக்க மூணு பேரு வேணும். நீ எளவட்டம், நீ ஒக்காரு!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். இரண்டு பேரும் நின்றார்கள்.

பின்னேரம் மேகம் மூடி வெளிச்சம் மங்கியது. அப்போதுதான் மெஷினால் அலை எழுப்புகிற அலைக்குளத்தைத் திறந்தார்கள். நாங்கள் இடுப்பளவு தண்ணீரில் காத்து நிற்க, அலை வரப்போகிறது என்று எச்சரிக்கச் சைரன் ஊதியது. அச்சு அசல் எங்கள் ஃபெக்டரிச் சங்கு. அதே ஏற்றம், அதே நடுக்கம். பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு அலைக்குள் பாய்ந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

சங்கு கேட்டதும் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. பையைத் தோளில் ஏற்றி, தலைத்துண்டை உதறி, ஒருவர் பின் ஒருவராக, கொழுந்து நிறுக்கப் போகிற அதே வரிசையில், டீச்சர் சொன்னபடி பஸ்ஸை நோக்கி வாசலைத் தாண்டிப் போய்விட்டார்கள். வாசலில் நின்ற காவல்காரன் ஒவ்வொரு கையாகப் பிடித்து அந்தப் பட்டியைக் கத்தரியால் வெட்டினான். எல்லோரும் ஏன் இவ்வளவு நேரத்தோடு போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

விஷயம் தெரிந்து டீச்சர் ஓடினார். நானும் ஈரக் காற்சட்டையோடு பின்னால் ஓடினேன். "ஆயெ எண்ட பே" என்றான் அவன். பட்டி வெட்டினால் திரும்பி உள்ளே வர முடியாதாம். டீச்சர் சிங்களத்தில் கெஞ்சினார். டிக்கட் கூண்டுக்குள் இருந்தவர் தலையை நீட்டி என்னவென்று கேட்டார். கேட்டுவிட்டு, சைரன் அடித்ததும் வேலை விட்டுப் போகிறார்களா என்று சொல்லிச் சிரித்தார். காவல்காரன் சிரித்தான். வெளியே நின்ற செல்லம்மா பெரியம்மாவும் வெட்கத்தில் சிரித்தார். "மேலதிகச் சம்பளம் போட்டா இன்னுங் கொஞ்ச நேரம் நின்னிருப்போம்" என்றார். டீச்சரும் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்ததை நான் பார்த்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ராட்டினத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ ஏறுடா. டீச்சர் கூடப் போயி ஏறு. எப்பிடி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லு" என்றார்.

ஏறினேன். பெட்டி உச்சிக்குப் போனபோது நீர்த்தேக்கம் தெரிந்தது, எதிர்மலை தெரிந்தது. நான் பார்த்தது பஸ்ஸை. டிரைவர் கதவைப் பூட்டிவிட்டு எங்கேயோ போயிருந்தான். பூட்டிய பஸ்ஸை ஒட்டி அம்மாமார் வரிசையாக நின்றார்கள். அம்மா ஒரு கையை நெற்றியில் வைத்து மேலே தேடிக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்துகொண்டு உயரத்தில் இருந்தேன். அம்மா கீழே நின்றுகொண்டிருந்தார். அந்த வயதில் எனக்கு வந்த கோபத்துக்கு யாரைக் குறிவைப்பது என்று தெரியவில்லை.

இப்போது தெரியும். கத்தரி பிடித்தவன் கடைசி ஆள்தான். அவனுக்கு முன்னால் எத்தனையோ பேர், ஒரு சத்தத்துக்கு எழுந்து ஒரு சத்தத்துக்கு அடங்கும்படி அந்த உடம்புகளைப் பழக்கி, அதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைத்து, அந்த ஒழுக்கத்தில் விளைந்த தேயிலையைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தச் சங்கு அம்மாவின் முழங்காலுக்குள் ஊதியது. பல்கலைக்கழகத்தில் இந்தக் கதையைச் சொன்னபோது நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம் நான் வேலை செய்கிற கந்தோரில் கொழும்புப் பக்கம் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போக ஏற்பாடு நடந்தது. நாள் முழுக்கக் களைக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று ஒருவர் போனில் எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்: நல்ல சப்பாத்து, அடிக்கடி தண்ணீர், இடையிடையே நிழலில் உட்காருங்கள். உட்காருங்கள்! இவ்வளவு லேசாக எழுதிவிடக்கூடிய ஒரு சொல்லா அது?

எங்கள் ஃபெக்டரி மூடிக் கிடக்கிறது. சங்கைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். அந்தப் பூங்காவும் இல்லை. தெல்தெனியா பஸ்ஸில் போனால், பெட்டிகள் கழன்ற ராட்டினத்தின் வெறும் வளையம் மட்டும் மரங்களுக்கு மேலே துருப்பிடித்துத் தெரியும். அம்மா இப்போது என்னோடு அம்பிட்டியவில் இருக்கிறார். முதல் சம்பளத்தில் நான் வாங்கிய கதிரைகளை அவர் தினமும் துடைக்கிறார். தொலைக்காட்சி பார்க்கும்போது கதவு நிலையில் சாய்ந்து நிற்கிறார்.

"ஒக்காரும்மா" என்கிறேன்.

"ஒக்காரத்தானே போறேன்" என்கிறார், நின்றபடி.