நீத்தாச்சா சார்?

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு முனிரத்தினத்தின் மகன் ஆந்திரப் பக்கத்து நாகலாபுரத்திலிருந்து போன் செய்தான். "நைனா பூட்டாரு சார். காலைல பத்து மணிக்கே." பத்து மணிக்கேவா என்று மறுபடி கேட்டேன். துக்கம் ஒரு காரணம். மற்றொன்றைப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தில் கோழி வளர்க்கும் உங்களுக்கு அவரைத் தெரியும். நம் கோழிக் கொட்டகைகளுக்குச் சுண்ணாம்பு போட்டவர். இளமையில் சுட்ட சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றி, அது சீறித் தெறித்து இடது கண் போனது. அதன்பிறகு தண்ணீரில்தான் சுண்ணாம்பைப் போடுவார், கொஞ்சம் கொஞ்சமாக, தள்ளி நின்று. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்கிற பழமொழியை யாரோ அவரிடமே சொன்னார்கள். "நான் எல்லாரையும் ஒரே கண்ணுலதான் பாக்கறேன். வேற வழி கெடையாது" என்றார்.

சுண்ணாம்பைக் கையால் தொட மாட்டார். இரும்புக் கரண்டிதான். பேய் பயமா என்று ஒருமுறை கேட்டேன். "பேயி சுண்ணாம்பு கேட்டா கரண்டிலயே குடு சார். அது கையப் புடிக்காட்டியும் சுண்ணாம்புலயே வெந்துபூடும்." மூட்டை எதுவானாலும் "நீத்தாச்சா சார்?" என்று கேட்டுவிட்டு, ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீரில் போடுவார். கொதித்தால் நீறாத சுண்ணாம்பு. கோழியின் காலையும் கண்ணையும் சுட்டுவிடும். இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு அந்தக் கரண்டியை என் கொட்டகைக் கதவில் மாட்டிவிட்டுப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை நண்பகல், வாசல்வரை புதுச் சுண்ணாம்பு தூவிவிட்டு, நூறு குஞ்சுகள் இருந்த பெட்டியின் கயிற்றை அறுக்கப் போனேன். கொட்டகை வலைக்குப் பின்னால் அவர் குரல்.

"நீத்தாச்சா சார்?"

"ஆச்சுப்பா. கடைக்காரரே சொன்னார்" என்றேன், திரும்பாமல்.

திரும்பினேன். வாசல் வெள்ளையில் என் செருப்புத் தடம் மட்டும் இருந்தது. காற்றில்லாத அந்த வேளையில் கரண்டி ஆடிக்கொண்டிருந்தது. அதை எடுத்து மூட்டையில் ஒரு கரண்டி அள்ளி வாளியில் போட்டேன். தண்ணீர் கொதித்தது. குஞ்சுகள் பெட்டியிலேயே இருந்தன. முகத்தில் துணி கட்டிக்கொண்டு தரை முழுவதையும் வழித்து எடுத்தேன். முடிக்கும்போதுதான் போன் அடித்தது.

காரியப் பத்திரிகையில் தமிழில் 'நீத்தார்' என்று அச்சிட்டிருந்தார்கள். அவர் பேச்சில் நீத்தது என்றால் கொதிப்பு அடங்கியது, இனிக் கால் வைக்கலாம் என்று பொருள். அவர் விஷயத்தில் எனக்கு அவ்வளவு உறுதியில்லை.

கரண்டி என்னிடம் இருக்கிறது. கேள்வியும் இருக்கிறது. சுண்ணாம்பைச் சோதித்துத் தூவி, தூசி அடங்கி, மேலே உமி பரப்பியபின், "நீத்தாச்சு முனிரத்தினம்" என்று வலைப்பக்கம் பார்த்துச் சொல்கிறேன். சொல்ல மறந்த நாளில் கோழிகள் வாசலிலேயே நின்றுவிடுகின்றன.