ஒரு கட்டம் மட்டும்

தோசைக்கல்லை அடுப்பில் வைத்த நேரத்தில்தான் போன் வந்தது. ஸ்டெல்லா அக்காவின் மகள் ஜெபா பேசினாள். "சித்தி, அம்மா தூக்கத்துலயே போயிட்டா." கல் புகைந்த பிறகுதான் அடுப்பை அணைத்தேன்.

தென்காசியில் எங்களோடு ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்புக்கு வந்த உங்களுக்கு, அக்காவைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வந்து சேர்ந்தவர். அவரும் நானும் ஒரே நாளில்தான் பென்சில் பிடித்தோம்.

அவருடைய முதல் படம், காலமான கணவர் அண்ணாச்சியின் முகம். போட்டோமேல் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்தில் இருப்பதையும் தாளில் அதே கட்டத்தில் வரைவோமே, அந்த முறைதான். போட்டோவில் எத்தனை கட்டமோ தாளிலும் அத்தனை போட்டார். ஆனால் தாளில் சதுரமாகப் போடாமல் அகலமாக இழுத்துவிட்டார். ஒல்லியான அண்ணாச்சி பூசணிக்காய் மாதிரி வந்து நின்றார். எல்லோரையும்விட அக்காதான் சத்தமாகச் சிரித்தார். "இத்தன வருசம் ஆக்கிப் போட்டும் சதை வைக்காத மனுசன், பரலோகத்துல நல்லா சாப்பிடுதாரு போல!" அந்தப் படத்தையே வீட்டுக் கூடத்தில் மாட்டினார்.

என் மகளுக்கு வரன் தட்டிப்போனபோது, "ஜாதகத்துல கட்டம் சரியில்லக்கா" என்று புலம்பினேன். "ஏட்டி, ஸ்கேல எடு. இங்கன கட்டம் போடுதது நம்ம கையிலதான் இருக்கு" என்றார். கோபப்பட நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது.

எனக்கு வேறொரு கோளாறு. போட்டோவில் இருக்கும் கண்ணை விட்டுவிட்டு, மனதில் இருக்கும் கண்ணை வரைவேன். அக்கா ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரே ஒரு கட்டம் அளவுக்கு ஓட்டை வெட்டிக்கொண்டு வந்தார். போட்டோமேல் வைத்தால் அந்தக் கட்டம் மட்டும்தான் தெரியும். "மூஞ்சியப் பாக்காதட்டி. அங்கன ஒரு வளைவு இருக்கா, அத மட்டும் வரை."

சாரல் நேரத்தில் ஒருமுறை ஐந்தருவிக்கு வரையப் போனோம். "தண்ணி எந்தக் கட்டத்துலயும் நிக்க மாட்டேங்குதே, எங்கனட்டி போட?" என்று நனைந்த தலையோடு சிரித்தார். அப்போது எடுத்த போட்டோ என் போனில் இருந்தது.

அடக்கம் முடிந்ததும் ஜெபா கேட்டது அதைப் பார்த்து ஒரு படம். "அப்பா பக்கத்துல அம்மாவையும் மாட்டணும் சித்தி. நீங்கதான் வரையணும்." சரி என்றுவிட்டேன். உட்கார்ந்தால் கை ஓடவில்லை. தாளில் அக்காவுக்குப் பதிலாக யாரோ ஒருத்தி வந்துவிட்டால், அந்தப் பிள்ளை காலமெல்லாம் அவளையல்லவா பார்த்துக்கொண்டிருக்கும்?

அட்டையைத் தேடி எடுத்தேன். ஒரு கட்டத்தில் ஈர முடி. ஒன்றில் பாதிக் கம்மல். ஒன்றில் வெறும் வளைவு. தனித்தனியாக எதுவும் அக்கா இல்லை என்பதால் கை ஓடியது. வரைந்த கட்டங்களை வரைய வரையத் துண்டால் மூடிக்கொண்டே வந்தேன். கடைசிக் கட்டமும் முடிந்து துண்டை எடுத்தால், அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

இப்போது குண்டு அண்ணாச்சிக்குப் பக்கத்தில் அக்கா இருக்கிறார். அந்த அட்டையை ஜெபா கேட்டாள். படத்தைக் கொடுத்தேன், அட்டையைக் கொடுக்கவில்லை. அக்கா இல்லாத நாளை முழுசாக நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. அதனால் காலையில் எழுந்து, தோசைக்கல்லை மட்டும் அடுப்பில் வைக்கிறேன்.